விடைத்தாள் சொல்லும் செய்தி

நுழையும்முன்

தேர்வு எழுதுவதும் விடைத்தாளைத் திரும்பப் பெறுவதும் மாணவர் வாழ்வில் மீண்டும் மீண்டும் நிகழ்வன. விடைத்தாளில் இருக்கும் மதிப்பெண் நம் மனத்தில் என்ன செய்கிறது? ஆசிரியர் எழுதும் ஒரு வரிக் குறிப்பு என்ன செய்கிறது? பாராட்டும் கண்டிப்பும் கற்றலை எவ்வாறு மாற்றுகின்றன? ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக ஆய்வறிஞர்கள் இவ்வினாக்களுக்கு விடை தேடி வருகின்றனர். அவர்கள் கண்டறிந்தவற்றை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

மடிக்கப்படும் மூலை

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வழங்கப்படும் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். பெயர் அழைக்கப்படுகிறது. மாணவர் எழுந்து சென்று தாளைப் பெற்றுக்கொள்கிறார். இருக்கைக்குத் திரும்புவதற்குள் முதல் பக்கத்தின் மேல்மூலையைப் பார்த்துவிடுகிறார். அங்கே ஓர் எண் இருக்கிறது. எண் பெரிதாக இருந்தால் முகம் மலர்கிறது. சிறிதாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் பார்க்காதவாறு அந்த மூலை மடிக்கப்படுகிறது. பிறகு கூட்டல் சரிபார்க்கப்படுகிறது. அத்துடன் தாள் பைக்குள் சென்றுவிடுகிறது.

உள்ளே சிவப்பு மையில் சில வரிகள் இருக்கின்றன. ‘கருத்து நன்று, சான்று தரவில்லை’, ‘வினா கேட்டது காரணத்தை, நீ எழுதியிருப்பது விளைவை’ என்பன போன்ற குறிப்புகள் அவை. அடுத்த தேர்வில் அம்மாணவருக்கு உதவக்கூடியவை அவ்வரிகளே. எனினும் அவை படிக்கப்படுவதில்லை. இது மாணவரின் சோம்பல் அன்று. மதிப்பெண்ணைக் கண்ட மனம் நடந்துகொள்ளும் முறை இது. ஆய்வுகள் இதனைத் தெளிவாகக் காட்டியுள்ளன.

பின்னூட்டம் என்பது யாது?

ஒரு செயலின் விளைவைப் பற்றிய செய்தி அச்செயலைச் செய்தவருக்கே திரும்பி வந்து, அடுத்த செயலைத் திருத்திக்கொள்ள உதவுமானால் அதனைப் பின்னூட்டம் என்கிறோம். இச்சொல் கல்வியியலுக்கு வருமுன்பே பொறியியலில் வழங்கியது. ஜேம்ஸ் வாட் தம் நீராவிப் பொறியில் 1788ஆம் ஆண்டு அமைத்த வேகக் கட்டுப்படுத்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பொறி விரைவாகச் சுழன்றால் அதனோடு இணைந்த இரு குண்டுகள் விலகி மேலெழும், நீராவி செல்லும் வழி சுருங்கும், வேகம் குறையும். வேகம் தணிந்தால் குண்டுகள் கீழிறங்கும், வழி விரியும். தன் செயலின் விளைவை அறிந்து பொறி தன்னைத் திருத்திக்கொள்கிறது.

மனிதர் கற்றலுக்கும் இச்செய்தி தேவை. அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்டு தார்ண்டைக் 1927ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கண்ணை மூடிக்கொண்டு குறிப்பிட்ட நீளத்தில் கோடு வரையுமாறு சிலரைப் பணித்தார். சரியா, தவறா என்று சொல்லாதபோது எத்தனை முறை வரைந்தும் முன்னேற்றம் இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் சரி, தவறு என்று சொன்னபோது முன்னேற்றம் தோன்றியது. வெறும் பயிற்சி போதாது; பயிற்சியின் விளைவு தெரிய வேண்டும் என்பது இதனால் புலனாயிற்று.

தெரிந்து தெளிவோம்

கற்றல் முடிந்தபின் எவ்வளவு கற்றோம் என்று அளப்பது தொகுத்தறி மதிப்பீடு. கற்றுக்கொண்டிருக்கும்போதே குறை கண்டு திருத்த உதவுவது வளரறி மதிப்பீடு. கல்வித் துறையில் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பெயரிட்டவர் மைக்கேல் ஸ்கிரிவன், ஆண்டு 1967. தறியில் இருக்கும்போதே அறுந்த இழையைக் கண்டு முடிந்துவிடுவது முதலில் செய்ய வேண்டியது. நெய்து முடித்த புடவையைச் சந்தையில் தரம் பார்ப்பது பின்னர் நிகழ்வது. தமிழகப் பள்ளிகளில் 2012–2013ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் நடைமுறைக்கு வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன.

பாராட்டு, கண்டிப்பு, மௌனம்

பின்னூட்டம் எவ்வகையில் அமைய வேண்டும் என்பது அடுத்த வினா. எலிசபெத் ஹர்லாக் என்னும் உளவியலறிஞர் 1925ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இத்துறையின் தொடக்க கால ஆய்வுகளுள் ஒன்று. நான்காம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் பயின்ற அமெரிக்கக் குழந்தைகள் ஐந்து நாள்கள் கூட்டல் கணக்குகளைச் செய்தனர். ஒரு குழுவினர் முந்தைய நாள் பணிக்காக வகுப்பின்முன் பாராட்டப்பட்டனர். மற்றொரு குழுவினர் கடிந்துகொள்ளப்பட்டனர். மூன்றாம் குழுவினர் அதே அறையில் இருந்து பிறருக்குக் கிடைத்த பாராட்டையும் கண்டிப்பையும் கேட்டனர். தமக்கென ஒரு சொல்லும் பெறவில்லை. நான்காம் குழுவினர் தனி அறையில் எவ்விதக் கருத்துரையும் இன்றிக் கணக்குகளைச் செய்தனர்.

முதல் கருத்துரைக்குப் பின் பாராட்டப்பட்டவர், கண்டிக்கப்பட்டவர் ஆகிய இரு சாராரும் முன்னேறினர். நாள்கள் செல்லச் செல்லப் பாராட்டின் பயன் தொடர்ந்தது. கண்டிப்பின் பயன் தேய்ந்தது. கருதத்தக்கது மற்றொன்றும் உண்டு. ஒரு சொல்லும் பெறாத குழந்தைகள், கண்டிக்கப்பட்ட குழந்தைகளைவிடவும் குறைவாகவே முன்னேறினர். யாரும் தம்மைக் கவனிக்கவில்லை என்னும் உணர்வு, கடுஞ்சொல்லைவிடவும் ஊக்கத்தைக் குறைக்கக்கூடும் என்பதை இந்த ஆய்வு காட்டியது.

மதிப்பெண்ணா, குறிப்பா?

நாம் தொடக்கத்தில் கண்ட மடித்த மூலைக்கு நேரடியாக விளக்கம் தருவது, இசுரேல் நாட்டின் ரூத் பட்லர் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு. ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர் 132 பேர் இதில் பங்கேற்றனர். அவர்களுள் தேர்ச்சியில் முன்நிலையில் இருந்தவரும் பின்தங்கியவரும் இருந்தனர். சிந்தித்து விடை காணவேண்டிய பணிகள் அவர்களுக்குத் தரப்பட்டன. பின்னர் மூவகையாகப் பின்னூட்டம் வழங்கப்பட்டது. ஒரு பிரிவினர் மதிப்பெண்ணை மட்டும் பெற்றனர். ஒரு பிரிவினர் தம் பணியைப் பற்றிய குறிப்பை மட்டும் பெற்றனர். எதை நன்கு செய்தனர், மேலும் எதைச் செய்யலாம் என்று அக்குறிப்பு கூறியது. ஒரு பிரிவினர் மதிப்பெண், குறிப்பு ஆகிய இரண்டையும் பெற்றனர்.

குறிப்பை மட்டும் பெற்றவர்கள் அடுத்தடுத்த பணிகளில் முன்னேறினர். அவர்தம் ஆர்வமும் குன்றவில்லை. முன்நிலை மாணவர், பின்தங்கிய மாணவர் ஆகிய இரு சாராரிடமும் இந்நிலையே காணப்பட்டது. மதிப்பெண் மட்டும் பெற்றவரிடம் பொதுவாக இத்தகைய முன்னேற்றம் இல்லை. பின்தங்கிய மாணவரிடம் ஆர்வத் தளர்வு தெளிவாகத் தெரிந்தது.

இரண்டையும் பெற்றவர்கள் இரு நன்மையும் பெற்றிருப்பர் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். உண்மையில் அவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவரைப் போன்றே நடந்துகொண்டனர். குறிப்பு அருகில் இருந்தும் பயன்படவில்லை. ‘நான் எந்த இடத்தில் இருக்கிறேன்?’ என்னும் வினாவை எழுப்பி, அதற்கு விடையையும் மதிப்பெண் உடனே தந்துவிடுகிறது. அவ்விடை கிடைத்ததும் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. குறிப்பு எழுப்பும் வினா வேறு. ‘இதை இன்னும் எப்படிச் செய்யலாம்?’ என்பது அது. அதற்கு விடை காண மாணவர் மீண்டும் பணிக்குள் நுழைய வேண்டும்.

பயன் தராத பின்னூட்டம்

பின்னூட்டம் எதுவாயினும் நன்மையே தரும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெநிசி ஆகிய இருவரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி, 1996ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். 607 ஒப்பீடுகளை அவர்கள் ஆராய்ந்தனர். சராசரியாக நோக்கின் பின்னூட்டம் செயல்திறனை உயர்த்தியது உண்மை. ஆயினும் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்ட ஒப்பீடுகளில் பின்னூட்டம் பெற்றபின் செயல்திறன் குறைந்திருந்தது.

காரணம் என்ன? பின்னூட்டம் நம் கவனத்தை எங்கே திருப்புகிறது என்பதே காரணம் என்று அவர்கள் விளக்கினர். செய்யும் பணியின்மீது கவனம் திரும்பினால் பணி செம்மையுறும். ‘நான் எத்தகையவன்? பிறர் என்னை என்ன நினைப்பர்?’ என்று தன்மீது கவனம் திரும்பினால் பணி பின்னுக்குப் போகும். இகழ்ச்சி மட்டுமன்றிப் புகழ்ச்சியும் இவ்வாறு செய்யும்.

இதனை மற்றோர் ஆய்வும் காட்டியது. கிளாடியா மியூல்லர், கரோல் டுவெக் ஆகியோர் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட அவ்வாய்வில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் புதிர்களை விடுவித்தனர். சிலர் ‘அறிவாளி’ என்று பாராட்டப்பட்டனர்; சிலர் அவர்தம் உழைப்புக்காகப் பாராட்டப்பட்டனர். அடுத்துக் கடினமான புதிர்கள் தரப்பட்டன. அதில் தடுமாறியபின் மீண்டும் எளிய புதிர்கள் தரப்பட்டன. அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்பு பெற்ற நிலையைவிடத் தாழ்ந்தனர். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் உயர்ந்தனர். ‘அறிவாளி’ என்னும் பட்டத்தைப் பெற்றவருக்கு ஒவ்வொரு தவறும் அப்பட்டத்தை இழக்கும் அச்சமாக மாறிவிடுகிறது. இவ்வழியில் பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள், இதன் பயன் சிறிதாகவே இருக்கக்கூடும் என்பதையும் காட்டியுள்ளன. ஒரு சொல்லால் மட்டும் மாணவரை மாற்றிவிட இயலாது. அச்சொல்லுக்குப்பின் செய்வதற்கு ஒரு பணியும் இருக்க வேண்டும்.

பிழையைக் கண்ட மனம்

தவறு சுட்டப்படும்போது மனம் என்ன செய்கிறது? லாரன் எஸ்கிரிஸ்-விங்க்ளர், அயலெட் ஃபிஷ்பாக் ஆகிய இருவரும் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டு விடைகளே தரப்பட்டன. எனவே ‘உன் விடை தவறு’ என்று சொன்னாலே மற்றொன்றுதான் சரி என்பது விளங்கிவிடும். ‘சரி’, ‘தவறு’ ஆகிய இரு சொற்களும் தரும் செய்தி ஒரே அளவினது. ஆயினும் ‘தவறு’ என்று கேட்டவர்கள், ‘சரி’ என்று கேட்டவர்களைவிடக் குறைவாகவே கற்றனர். தவறு என்னும் சொல் தம்மைப் புண்படுத்தியதால் அவர்கள் அச்செய்தியிலிருந்து கவனத்தை விலக்கிக்கொண்டனர். பிறர் செய்த தவற்றைக் கண்டபோதோ அவர்கள் குறைவின்றிக் கற்றனர். அங்கே தம் மதிப்புக்கு ஊறு இல்லை அல்லவா? விடைத்தாளின் மூலையை மடிக்கும் கை இங்கே நமக்கு விளங்குகிறது.

ஆயினும் இதில் ஒரு நற்செய்தியும் உண்டு. பிராடி பட்டர்ஃபீல்டு, ஜேனட் மெட்காஃப் ஆகியோர் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் பொது அறிவு வினாக்கள் கேட்கப்பட்டன. ஒவ்வொரு விடையும் சரிதான் என்று எந்த அளவு உறுதியாக நம்புகிறார் என்பதையும் பங்கேற்றவர் குறிப்பிட வேண்டும். பின்னர்ச் சரியான விடை காட்டப்பட்டது. மறுமுறை கேட்டபோது, மிக உறுதியாக நம்பிச் செய்த தவறுகளே எளிதில் திருத்தப்பட்டிருந்தன. உறுதியாக நம்பியது தவறானபோது மனம் வியப்படைகிறது. வியந்த மனம் கூர்ந்து கவனிக்கிறது. ஆகவே, விலகி ஓடாமல் ஒரு கணம் நின்று நோக்கினால், நம் பெரிய தவறே நாம் மறவாத பாடமாக அமையும்.

தேர்வும் ஒரு கற்றலே

தேர்வு என்பது கற்றதை அளக்கும் கருவி மட்டும் அன்று. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகியோர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் ஒரு சிறு உரைநடைப் பகுதியைப் படித்தனர். சிலர் அதனை மறுமுறையும் படித்தனர். சிலர் மறுமுறை படிக்காமல், நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தனர். அவ்வாறு எழுதியதற்கு மதிப்பெண் இல்லை. ஐந்து நிமிடங்களுக்குப் பின் சோதித்தபோது இருமுறை படித்தவர் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் சென்றபின் நிலை மாறியது. இருமுறை படித்தவர் 42 விழுக்காட்டையும், எழுதிப் பார்த்தவர் 56 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர்.

மீண்டும் மீண்டும் படிக்கும்போது எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற உணர்வு ஏற்படுகிறது. நூலை மூடிவைத்து எழுதிப் பார்க்கும்போதுதான் தெரியாத இடம் எது என்பது தெரிகிறது. தனக்குத் தானே பின்னூட்டம் அளித்துக்கொள்ளும் எளிய வழி இது. பாடம் கேட்கும் முறையைக் கூறும் நன்னூல், கேட்டவற்றை மீண்டும் நினைத்தலையும், உடன் பயில்வோரோடு பழகலையும், வினாவுதலையும், பிறர் வினவியவற்றுக்கு விடை கூறலையும் மாணவரின் கடமைகளாக வைத்திருப்பது இங்கு எண்ணத்தக்கது.

நம்பிக்கையோடு சொல்லும் குறை

குறையைச் சொல்லாமல் விடுவது அன்பு அன்று. குறையை எவ்வாறு சொல்வது என்பதே வினா. டேவிட் யீகர், ஜெஃப்ரி கோஹன் முதலியோர் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் கட்டுரை எழுதினர். ஆசிரியர்கள் அவற்றை வழக்கம்போல் திருத்திக் குறிப்புகள் எழுதினர். பின்னர் ஒவ்வொரு தாளிலும் ஒரு சிறு சீட்டு இணைக்கப்பட்டது. சிலருடைய சீட்டு, அக்குறிப்புகள் கருத்தறிவதற்காகத் தரப்படுகின்றன என்று மட்டும் கூறியது. மற்றவருடைய சீட்டோ, ஆசிரியர் அவரிடம் உயர்ந்த தரத்தை எதிர்பார்ப்பதையும், அத்தரத்தை அவரால் எட்ட முடியும் என்று நம்புவதையும் தெரிவித்தது. கட்டுரையைத் திருத்தி எழுதுவது அவரவர் விருப்பம்.

ஆசிரியர் தம்மைத் தாழ்வாக மதிப்பிடுகிறாரோ என்று ஐயுறும் நிலையில் வாழ்ந்த கறுப்பின மாணவரிடையே இச்சீட்டு பெரும் மாற்றத்தைச் செய்தது. பொதுவான சீட்டைப் பெற்றவருள் ஐவரில் ஒருவருக்கும் குறைவானவரே கட்டுரையைத் திருத்தி எழுதினர். நம்பிக்கைச் சீட்டைப் பெற்றவருள் பத்தில் ஏழு பேர் அளவுக்குத் திருத்தி எழுதினர். சிறு எண்ணிக்கையினரிடம் நடத்தப்பட்ட ஆய்வுதான் இது. ஆயினும் சிவப்பு மையைக் காணும் மாணவர் மனத்தில், ‘இது என்னை விலக்கும் கோடா, என்னை அழைக்கும் கோடா?’ என்னும் ஐயம் உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

இதனை எழுதும் ஆசிரியரும் பல ஆண்டுகள் எண்ணற்ற விடைத்தாள்களில் ‘இன்னும் முயற்சி தேவை’ என்று எழுதியவரே. எதில் முயல்வது, எவ்வாறு முயல்வது என்று அவ்வரி சொல்லவில்லை. முயன்று எழுதினால் மீண்டும் படித்துப் பார்ப்பேன் என்றும் அது சொல்லவில்லை. மாணவர் அதனைப் படிக்காமல் தாளை மடித்ததில் வியப்பில்லை. குறிப்பைப் படிப்பது மாணவர் கடமை என்றால், படிக்கத் தகுந்த குறிப்பை எழுதுவது ஆசிரியர் கடமை.

மூன்று வினாக்கள்

ஜான் ஹேட்டி, ஹெலன் டிம்பர்லி ஆகிய இருவரும் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், பயன்தரும் பின்னூட்டம் மூன்று வினாக்களுக்கு விடை தர வேண்டும் என்றனர். நான் எங்கே செல்ல வேண்டும்? இப்போது எங்கே இருக்கிறேன்? அடுத்துச் செய்ய வேண்டியது என்ன? மதிப்பெண் இவற்றுள் இரண்டாம் வினாவுக்கு மட்டுமே, அதுவும் அரைகுறையாகவே, விடை தருகிறது. மற்ற இரண்டுக்கும் விடை தாளின் உள்ளே இருக்கிறது. இல்லையெனில் ஆசிரியரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

அடுத்தமுறை விடைத்தாள் கைக்கு வரும்போது முதல் பக்கத்தைத் திருப்பிவிட்டு உள்ளே செல்லுங்கள். ஆசிரியரின் குறிப்புகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நூலை மூடிவைத்து அந்த ஒரு விடையை மட்டும் மீண்டும் எழுதுங்கள். அதனை ஆசிரியரிடமோ நண்பரிடமோ காட்டுங்கள். பழைய விடைக்கும் புதிய விடைக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் கண்ணாலேயே காணுங்கள். மேல்மூலையில் இருக்கும் எண் அன்று மாறாது. அதனை மடித்து மறைத்தாலும் மாறாது. எழுதிய விடையை மாற்றும் ஆற்றலோ உங்கள் கையில் இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் அண்மைத் தேர்வின் விடைத்தாளில் ஆசிரியர் எழுதிய குறிப்பு ஒன்றைத் தேர்ந்து, அதற்கேற்ப விடையைத் திருத்தி எழுதுக.

2. நண்பரின் கட்டுரையைப் படித்து, மதிப்பெண் இடாமல், நன்கு அமைந்த ஒரு கூறையும் மேம்படுத்தத்தக்க ஒரு கூறையும் குறிப்பிட்டு இரண்டு வரிகள் எழுதுக.

3. இன்று படித்த பாடத்தை நூலைப் பாராமல் எழுதிப் பார்த்து, விடுபட்டவற்றைப் பட்டியலிடுக.

குறுவினா

1. பின்னூட்டம் என்பது யாது?

2. வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு – வேறுபடுத்துக.

சிறுவினா

1. மதிப்பெண்ணும் குறிப்பும் ஒருங்கே பெற்ற மாணவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவரைப் போன்று நடந்துகொண்டமைக்குக் காரணம் கூறுக.

2. ‘புகழ்ச்சியும் கற்றலுக்குத் தடையாகலாம்’ – விளக்குக.

நெடுவினா

1. குறையைச் சுட்டும் பின்னூட்டம் மாணவரை எப்போது விலக்குகிறது, எப்போது ஊக்குகிறது என்பதைப் பாடத்தில் இடம்பெற்ற ஆய்வுகளைச் சான்றாகக் கொண்டு கட்டுரைக்க.